வீல்சேரில் கச்சேரிக்கு: மாற்றுத்திறனாளி ரசிகர்களும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. ஆறு வயதில் பாட்டு வந்தது. முதலாவது அவளைவிட்டுப் போகவில்லை, இரண்டாவதும் போகவில்லை. இருபது வருடமாக மார்கழி பிறந்தால் நாங்கள் இருவரும் சென்னை சபாக்களைச் சுற்றுகிறோம், அவள் வீல்சேரில், நான் பின்னால். இதைப் பார்த்து அக்கம்பக்கத்தார், உறவுக்காரர்கள், அப்புறம் ஒன்றிரண்டு சபா செயலாளர்களும் போன் செய்து விவரம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மனதில் இருப்பது சென்னை அரங்குகள். மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

போன் செய்து கேட்டால் "எல்லா வசதியும் இருக்கு" என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

அப்படிச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் அந்த அரங்குக்குள் ஆயிரம் முறை நடந்து போயிருப்பார். நடந்து போகிறவர் கண்ணுக்குப் படி தெரியாது. அதுதான் சிக்கல்.

ஓர் அரங்கில் எங்களுக்கு நடந்தது இது. முதல் நாளே கேட்டேன். "ரேம்ப் இருக்கு சார், தாராளமா வாங்க" என்றார்கள். போனோம். ரேம்ப் இருந்தது, தெருவிலிருந்து போர்டிகோ வரைக்கும். போர்டிகோவிலிருந்து உள்ளே போக மூன்று கிரானைட் படி. அந்த ரேம்பின் தலைப்பிலும் இரண்டு பூந்தொட்டி, ஒரு விளம்பரத் தட்டி. வாச்மேன் நல்ல மனிதர், ஓடிப்போய் ஆள் தேடினார். நாலு பேர் சேர்வதற்குள் உள்ளே வர்ணம் முடிந்து கைத்தட்டல் கேட்டது. அப்போது அக்கா முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் "வசதி இருக்கா" என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

எண்ணிக்கையில் பதில் வருகிற மாதிரி கேளுங்கள். "கார் நிற்கிற இடத்திலிருந்து எங்கள் சீட் வரைக்கும் மொத்தம் எத்தனை படி? ஒரு படியானாலும் சொல்லுங்கள்." "கழிப்பறைக் கதவு எத்தனை அகலம்?" இதற்கு யாரும் டேப் எடுத்துக்கொண்டு ஓட மாட்டார்கள். ஆனால் பூ வாங்குகிற ஊர் நம் ஊர், முழம் எல்லோருக்கும் தெரியும். "இரண்டு முழம் இருக்குமா என்று கையை வைத்துப் பாருங்கள்" என்பேன். இரண்டு முழம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர், தரநிலைகள் கேட்கிற அகலமும் அதுதான். அப்புறம், "லிஃப்ட் இருந்தால் சாவி யாரிடம்? அவர் இன்று மாலை இருப்பாரா?" பதில் சொல்கிறவரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும்போது அந்தப் பெயர் கை கொடுக்கும்.

"படி இருக்கு, அஞ்சு படி, ரேம்ப் இல்லை" என்று உண்மையைச் சொல்லும் சபாவை நான் மதிக்கிறேன். அதை வைத்துப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். "எல்லாம் இருக்கு" என்ற பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது.

ரேம்ப் இருந்தால் போதுமா? எப்படி இருக்க வேண்டும்?

சரிவு 1-க்கு 12 இருக்க வேண்டும். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் பதினெட்டு அங்குல உயரம், அதற்குப் பதினெட்டு அடி ரேம்ப் வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் அதை ஆறு அடிக்குள் முடித்துவிடுகிறார்கள். அதன்மேல் தள்ளிக்கொண்டு ஏறினால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு நாற்காலி பின்னால் சாயும். இறங்கும்போது இன்னும் மோசம். அது ஸ்கூட்டர் ஏற்றப் போட்ட சரிவு.

இருபுறமும் கைப்பிடி, வழுக்காத தரை, மேலே ஏறியதும் நின்று திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம், இவையும் வேண்டும். பளபளப்பான கிரானைட் ஊன்றுகோல் வைத்து நடப்பவர்களுக்கு எமன், அதிலும் நாலு மணிக்குத் துடைத்துவிட்டு ஈரம் காயாமல் இருந்தால்.

"நாங்களே தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கிறோம்" என்கிறார்களே, ஒத்துக்கொள்ளலாமா?

வருகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், கூட வந்தவர் அல்ல. அக்கா மாட்டேன் என்பாள். வளர்ந்த ஒரு பெண்ணை முன்பின் தெரியாத நாலு ஆண்கள் சபை நடுவே தூக்கிப் போவது உதவி ஆகாது என்பது அவள் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

பாதுகாப்பும் பார்க்க வேண்டும். வீல்சேரின் கை வைக்கும் பகுதியும் கால் வைக்கும் தட்டும் கழற்றி மாட்டும்படி இருக்கும். தெரியாதவர் அதைப் பிடித்துத் தூக்கினால் அது மட்டும் கையோடு வரும், ஆள் கீழே. பேட்டரி நாற்காலி என்றால் ஆளோடு சேர்த்துத் தூக்கவே கூடாது.

ஒரே ஒரு படிதான் என்றால் தூக்கத் தேவையில்லை. பின்னால் நிற்பவர் நாற்காலியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் காலால் மிதித்து, கைப்பிடியை லேசாகப் பின்னுக்கு இழுத்தால் முன்சக்கரம் மேலே வரும். அதைப் படியில் வைத்துவிட்டுப் பின்சக்கரத்தைப் படியோடு ஒட்டி உருட்டி ஏற்றலாம். இறங்கும்போது முதுகுப்புறமாக, பின்சக்கரம் முதலில். ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் "இப்போ சாய்க்கிறேன்" என்று உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கழிப்பறை பற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவசியமா?

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கச்சேரி இரண்டரை மணி நேரம், போக வர இரண்டு மணி நேரம். கச்சேரி நாளில் அக்கா மதியச் சாப்பாட்டுக்கு மேல் தண்ணீர் தொடமாட்டாள். பல வருடம் அதை நான் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் ஃபிளாஸ்கில் காபி எடுத்துப் போய்க் கொடுத்தேன். "நீ குடி" என்றாள். அப்போதுதான் புரிந்தது. ஒரு ராகத்தைக் கேட்பதற்காக ஒருத்தி நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பார்க்க வேண்டியவை: கதவு இரண்டு முழம், அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால் வீல்சேர் உள்ளே போனபின் கதவை மூட முடியாது. மேற்கத்திய பாணிப் பீடம், அதன் பக்கத்தில் நாற்காலியை ஒட்டி நிறுத்த இடம், சுவரில் அசையாத கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்தபடியே எட்டுகிற தாழ்ப்பாள், காய்ந்த தரை.

இருக்கிற இடங்களிலும் அந்த அறைக்குள் துடைப்பம், வாளி, உடைந்த மைக் ஸ்டாண்ட் எல்லாம் குடியிருப்பதுண்டு. பூட்டியும் இருக்கும். ஆகவே "இருக்கா" என்று மட்டும் கேட்காமல், "ஆறு மணிக்கு வருகிறோம், அதற்குள் திறந்து காலி செய்து வைக்க முடியுமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்துவிடுவார்கள்.

எந்த சீட் வாங்குவது? ஆன்லைனில் வீல்சேர் இடம் என்று காட்டவில்லையே.

ஆன்லைனில் வாங்குவதற்கு முன் சபா அலுவலகத்தில் பேசிவிடுங்கள். வரிசை ஓரத்து சீட் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வரிசைக்குப் படி இல்லாமல் போகலாம் என்பது வரைபடத்தில் தெரியாது. பல அரங்குகளில் தரை சரிவாகவோ படிப்படியாகவோ இறங்கும். படி இல்லாத வரிசை சில இடங்களில் கடைசி வரிசையாக இருக்கும், சில இடங்களில் பக்கவாட்டுக் கதவு வழியாக முதல் வரிசையாக இருக்கும்.

நாற்காலியிலேயே இருப்பதா, சீட்டுக்கு மாறி உட்காருவதா என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நாற்காலியிலேயே என்றால் சுமார் 90-க்கு 120 சென்டிமீட்டர் இடம் வேண்டும், நடைபாதையை அடைக்காமல். துணைக்கு வருபவர் பக்கத்தில் உட்கார வேண்டும், பின் வரிசையில் அல்ல. கச்சேரியில் ஒரு சங்கதி விழுந்ததும் திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு முகம் வேண்டாமா?

சீட்டுக்கு மாறினால் வீல்சேரை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் அதைத் தேடி அலைவது பெரிய பாடு.

எனக்கு 76 வயது. முட்டிவலி, காதும் கொஞ்சம் மந்தம். நான் மாற்றுத்திறனாளி இல்லையே, இதெல்லாம் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். மார்கழியில் எந்த சபாவிலும் மத்தியான கச்சேரியைப் போய்ப் பாருங்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறவர்கள்தான் அதிகம். கைப்பிடிக் கம்பி, விளக்கு, படி ஓரத்தில் மஞ்சள் பட்டை எல்லாம் அவர்களுக்கும்தான். நீங்களும் சேர்ந்து கேட்டால் என் அக்காவுக்கும் சீக்கிரம் கிடைக்கும்.

காது கேட்காதவர்கள் சபாவுக்கு வந்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். பரதநாட்டியத்தில் கையும் கண்ணும் பேசுகின்றன. ஆடுகிற பாட்டின் வரிகளை எழுதி முன்பே கொடுத்தாலோ, மேடைக்கு மேல் திரையில் ஓடவிட்டாலோ செவித்திறன் இல்லாதவர் அபிநயத்தை முழுதாகவே பின்தொடரலாம்.

நாடகம், உரை, கதாகாலட்சேபம் என்றால் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். இந்திய சைகைமொழிக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்டது. பெயர்ப்பாளர்கள் எண்ணிக்கை குறைவு, ஆகவே வாரக்கணக்கில் முன்னால் ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் மேடையின் ஓரத்தில் நிற்க வேண்டும், அவர்மேல் வெளிச்சம் விழ வேண்டும், அவருக்கு நேரெதிர் வரிசைகளை அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒதுக்க வேண்டும். அரங்கை முழு இருட்டாக்கிவிட்டால் பெயர்ப்பாளரும் போனார், உதட்டசைவும் போயிற்று.

காது மெஷின் போட்டவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு சத்தம் போதாது என்பதைவிட, எல்லாச் சத்தமும் ஒன்றாகக் குழம்பி வருவதுதான் தொல்லை. இதற்கு லூப் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அரங்கைச் சுற்றித் தரையில் ஒரு கம்பி ஓடும். மைக்கில் வருகிற ஒலியை அது காந்தப்புலமாக மாற்றிப் பரப்பும். காது மெஷினில் அதற்கான சுருள் இருந்தால், 'டி' என்ற நிலைக்கு மாற்றியதும் பாட்டு நேராகக் காதுக்குள் வரும். ஏ.சி. இரைச்சலும் பக்கத்து சீட்டு சம்பாஷணையும் வராது. எல்லா மெஷினிலும் அந்தச் சுருள் இருக்காது, வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் அரங்குகளில் லூப் அரிது. அது இல்லாத இடத்தில் பெரிய ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள்.

பார்வையற்ற நண்பரோடு போகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். "படி" என்று மட்டும் சொன்னால் போதாது, "இறங்கும் படி, மூன்று" என்று சொல்லுங்கள். சீட்டுக்கு வந்ததும் அவர் கையை நாற்காலியின் முதுகில் வையுங்கள், அவரே உட்கார்ந்துகொள்வார். விட்டுவிட்டுப் போகும்போதும் திரும்பி வரும்போதும் வாயால் சொல்லுங்கள்.

உட்கார்ந்தபின் மேடையைச் சொல்லுங்கள். யார் நடுவில், வயலின் எந்தப் பக்கம், கடமா கஞ்சிராவா, திரைச்சீலை என்ன நிறம். அவருக்கு வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், பாட்டு ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள்.

கச்சேரிக்கு இது போதும். நடனத்துக்குப் போதாது. மேடையில் நடப்பதைத் தனி மைக்கில் ஒருவர் விவரிக்க, வேண்டியவர்கள் காதில் கேட்டுக்கொள்கிற ஒலி விவரிப்பு முறை உலகத்தில் பல அரங்குகளில் இருக்கிறது. செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு: நிகழ்ச்சிக்கு முன் தொட்டுப் பார்க்க அரைமணி நேரம் கொடுப்பது. சலங்கையின் கனம், விசிறி மடிப்பின் முறுமுறுப்பு, மிருதங்கத்தில் கருஞ்சாந்து பூசிய வட்டத்தின் சொரசொரப்பு. விரலில் ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு கேட்கிற ஒவ்வொரு ஓசைக்கும் ஓர் உருவம் வந்துவிடும்.

நம்முடைய பழைய கலைகளில் இது பாதி இருக்கிறது. தெருக்கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னாலிருந்தே பாடித் தன்னை அறிவித்துக்கொண்டு வருவார், கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் கேள்வி கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் சொல்ல வைப்பான். வில்லுப்பாட்டில் கதை முழுவதும் சொல்லில்தான் நடக்கிறது. பார்வையற்ற ஒருவரைக் கூத்துக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். விளக்கம் சொல்ல உங்களுக்கு அதிகம் வேலை இருக்காது.

எங்கள் பையனுக்கு ஆட்டிசம். திடீரென்று சத்தம் போடுவான், எழுந்து நடப்பான். கூட்டிப் போகலாமா?

போகலாம். வெளிநாட்டு அரங்குகளில் இதற்கென்று தனிக் காட்சிகள் வைக்கிறார்கள். விளக்கை முழுதாக அணைக்காமல், ஒலியைக் குறைத்து, எழுந்து போக வர அனுமதித்து. எனக்குத் தோன்றுவது, நம் கச்சேரி ஏற்கெனவே பாதி அப்படித்தான். தொடையில் தாளம் போடுகிறோம், "ஆஹா" என்கிறோம், தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போகிறார்கள். மிருதங்க வித்வான் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது எழுந்து போகிறவர்களைப் பொறுத்துக்கொள்கிற சபை, ஒரு குழந்தை எழுந்து ஆடுவதைப் பொறுத்துக்கொள்ளாதா?

மாலைப் பெரிய கச்சேரியோடு தொடங்காதீர்கள். மத்தியானத்து இலவசக் கச்சேரி, கதவோரத்து சீட், காதை மூடும் ஹெட்போன், பையனுக்குப் பிடித்த ஏதோ ஒன்று கையில். முந்தின நாளே அரங்கின் படத்தையும் அன்றைய பாடகரின் படத்தையும் காட்டி வையுங்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாலும் நல்லதே, அடுத்த முறை இருபது நிமிடம் ஆகும். யாராவது திரும்பி முறைத்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். காலிபர் ஷூவைக் கழற்றினால் நடக்கவே முடியாதே.

கோயில் மண்டபங்களிலும் சில கலைக்கூடங்களிலும் இது வரும். காலிபர் என்பது வலுவில்லாத காலைத் தாங்கும் கம்பிச் சட்டம். அதோடு பொருத்திய ஷூ செருப்பு அல்ல, அதுதான் கால். செயற்கைக் காலும் அப்படியே. வாசலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், முன்பே போனில் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒரு பழைய துணியும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தையும் ஷூ அடியையும் துடைத்துக் காட்டினால் பெரும்பாலான இடங்களில் அதற்குமேல் பேச்சு வராது.

தமிழ்த்தாய் வாழ்த்து, தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிற்க முடியாதவர்கள்?

உட்கார்ந்தே இருக்கலாம். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையே, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. திரையரங்குகளில் தேசிய கீதம் பற்றிய வழக்கில் 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்று சொன்னது. பார்த்தால் தெரியாத குறைபாடுகளும் உண்டு. பக்கத்தில் ஒருவர் எழவில்லை என்றால் காரணம் கேட்காதீர்கள்.

"பழைய கட்டடம், ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

பழைய கட்டடங்கள்தான், மறுக்கவில்லை. எழும்பூர் மியூசியம் தியேட்டர் 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மியூசிக் அகாடமி அரங்கம் திறந்தது 1962-இல். மாற்றுத்திறனாளிகளுக்கு நாட்டில் முதன்முதலாக விரிவான சட்டம் வந்ததே 1995-இல்தான்.

இப்போது நடப்பில் இருப்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதில் 'பொதுக் கட்டடம்' என்றால் அரசுக் கட்டடம் மட்டுமல்ல. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அடங்கும், கலாசார, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கான இடங்கள் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். 45-ஆம் பிரிவு ஏற்கெனவே உள்ள கட்டடங்களைப் பற்றியது. விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அவற்றை மாற்ற வேண்டும். விதிகள் வெளியானது 2017 ஜூன் 15. கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000-இலிருந்து 5 லட்சம் வரை.

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் செய்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நான் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் எந்தச் செயலாளரிடமும் பேசியதில்லை. முதலில் எழுத்தில் ஒரு கடிதம், என்ன வேண்டும் என்று அளவோடு. பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அந்தக் கதவு இருக்கிறது என்று தெரிந்து பேசினாலே பேச்சில் ஒரு நிதானம் வரும்.

சினிமாவுக்கு இருக்கிற வசதி மேடைக்கு உண்டா?

சினிமாவுக்கு 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒலி விவரிப்பு, வசன எழுத்து பற்றி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. மேடைக்கு நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டுமா?

கட்டணச் சலுகை இருந்தால் கேட்பார்கள், ஆகவே பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரேம்பில் ஏறவும் ஓரத்து சீட்டில் உட்காரவும் அட்டை கேட்பது தவறு.

எப்படிப் போய்ச் சேருவது?

மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. எழும்பூர், அண்ணா சாலைப் பக்கத்து அரங்குகளுக்கு மெட்ரோவில் போகலாம். 2024 ஆகஸ்டிலிருந்து மாநகரப் பேருந்தில் தாழ்தள வண்டிகள் ஓடுகின்றன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து, சாய்பலகை விரித்து வீல்சேரை ஏற்றிக்கொள்ளும். ஓட்டுநர் கண்ணில் படுகிற மாதிரி நின்று கையசையுங்கள். மயிலாப்பூர்ப் பக்கம் மெட்ரோ பள்ளங்களால் வழி அடிக்கடி மாறுகிறது, மடக்கும் நாற்காலியை ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போவதே அங்கு எங்களுக்கு வசதி. அரங்க வாசலில் இறக்கிவிட ஐந்து நிமிடம் வேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

கேன்டீன்?

கச்சேரியில் பாதி அங்கேதான், ஆகவே விட்டுவிடக் கூடாது. உயரமான நின்று சாப்பிடும் மேசைகள் வீல்சேரில் இருப்பவரின் கண்ணுக்கு மேலே இருக்கும். ஒரே ஒரு சாதாரண மேசை போட்டால் தீர்ந்தது. பில் கவுன்டரும் தலைக்கு மேல் என்றால் துணைக்கு வந்தவரிடமே "அவங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்பார்கள். குனிந்து அவளையே கேளுங்கள். அக்காவுக்கு ரவா தோசை, அதை அவளே சொல்லுவாள்.

கலைஞரே மாற்றுத்திறனாளி என்றால்?

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ரசிகருக்கு ரேம்ப் கட்டிய அரங்கிலும் மேடைக்குப் படிதான் இருக்கும். மேடை மூன்றடி உயரம் என்றால் முப்பத்தாறு அடி ரேம்ப் வேண்டும். அதற்கு இடம் இல்லை என்றால் சிறிய மேடை லிஃப்ட். ஒப்பனை அறையும் அதன் கழிப்பறையும் இதில் சேரும்.

நம் மேடைக்கு இது புதிதல்ல. கும்பகோணத்துச் சரப சாஸ்திரி பார்வை இல்லாதவர், புல்லாங்குழலைக் கச்சேரிக்குரிய வாத்தியமாக உயர்த்தியவர்களில் முன்னோடி. சுதா சந்திரன் 1981-இல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பின் காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் காலோடு 1984-இல் மேடைக்குத் திரும்பி பரதம் ஆடினார். இவர்களைக் கொண்டாடுகிறோம், ஆனால் சம்மணம் போட முடியாத ஒரு பாடகி நாற்காலியில் உட்கார்ந்து பாட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க வைக்கக் கூடாது. மைக்கை உயர்த்தி வையுங்கள், அவ்வளவுதான்.

எங்களுடையது சின்ன சபா, பணம் இல்லை. எதில் தொடங்குவது?

ஒரு வீல்சேர் கடன் வாங்கிச் செயலாளரே அதில் உட்கார்ந்து, கேட்டிலிருந்து சீட்டுக்கும், சீட்டிலிருந்து கழிப்பறைக்கும், அங்கிருந்து கேன்டீனுக்கும் போய்ப் பாருங்கள். எங்கே நின்றதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். கூடவே வீல்சேரில் வாழும் ஒருவரையும் அழைத்து வாருங்கள், நீங்கள் அரைமணி நேரத்தில் பார்க்காததை அவர் காட்டுவார்.

பிறகு செலவில்லாத வேலைகள். ரேம்ப் வாசலில் இருக்கும் பூந்தொட்டியை எடுப்பது, கழிப்பறையைக் காலி செய்வது, ஓரத்தில் இரண்டு நாற்காலியைக் கழற்றி இடம் விடுவது. மார்கழிக் கோலத்தை ரேம்ப் முடிகிற இடத்தில் போடாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள், கோலமாவில் ஊன்றுகோல் வழுக்கும். நோட்டீஸில் ஒரு வரி சேருங்கள்: "வாசலில் 3 படி. சீட் வரை வேறு படி இல்லை. வீல்சேரில் செல்லும் கழிப்பறை இல்லை. உதவிக்கு இந்த எண்." இல்லாததை இல்லை என்று அச்சடிக்கத் தயங்காதீர்கள், அந்த ஒரு வரியை நம்பித்தான் ஒரு குடும்பம் ஆட்டோ பிடிக்கிறது. ஒன்றிரண்டு படிக்கு மடக்கும் அலுமினிய ரேம்ப் கிடைக்கிறது. பணம் சேர்ந்தால் முதலில் அதை வாங்குங்கள்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது நல்லது?

ஆறரை மணிக் கச்சேரி என்றால் ஐந்தே முக்காலுக்கு. பத்து நிமிடம் வாசலுக்கு, பதினைந்து நிமிடம் கழிப்பறைக்கு, மீதி இடம் பார்த்து உட்கார. கூட்டம் உள்ளே நுழைவதற்கு முன்னால் போய்விட்டால் யாரையும் "கொஞ்சம் தள்ளுங்க" என்று கேட்க வேண்டாம்.

போன டிசம்பரில் ஒரு சபாவில் அன்று காலை போனில் பேசிய பையன் வாசலிலேயே காத்திருந்தான். சொன்னபடி ஒரு படிகூட இல்லை. ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டோம். அரங்கில் இருபது பேர் இருந்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் யாரோ தம்புராவை மீட்டிச் சுருதி சேர்த்தார்கள், மிருதங்கத்தின் வாரில் கல்லால் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா என் கையைத் தட்டி, பேசாதே என்று காட்டினாள். அப்புறம் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள்.